ஈதர் போலாரா இல்லையா? அடிக்கடி வர்ற சில சந்தேகங்கள்

கே: டை எத்தில் ஈதர்ல ரெண்டு பக்கமும் எத்தில் தானே சார், டைபோல் (மின்னூட்டம் ஒரு பக்கமா சாயுற அளவு, அது இருந்தாத்தான் போலார்) கேன்சல் ஆகி ஜீரோ வரணுமே?

ப: கார்பன் டை ஆக்சைடு மாதிரி நேர்கோட்ல இருந்தா ஆகும். இங்க ஆக்சிஜன் மேல ரெண்டு லோன் பேர் (பாண்டுல சேராத எலக்ட்ரான் ஜோடி) உக்காந்திருக்குல்ல, அதனால மூலக்கூறு வளைஞ்சுதான் இருக்கும், டை மெத்தில் ஈதர்ல அந்தக் கோணம் சுமார் 111 டிகிரி. வளைஞ்சிருந்தா முழுசா கேன்சல் ஆகாது, மிச்சம் நிக்கும். டை எத்தில் ஈதருக்கு சுமார் 1.15 டிபை (டைபோலை அளக்குற அலகு), தண்ணிக்கு 1.85. போர்டுல சி-ஓ-சின்னு நேரா எழுதி எழுதியே நாங்கதான் உங்களைக் கெடுத்து வச்சிருக்கோம்.

கே: போலார்னா ஏன் 35 டிகிரிலயே கொதிக்குது? அதே ஃபார்முலா உள்ள பியூட்டனால் 118 ஆச்சே?

ப: பியூட்டனால்ல ஓ-ஹெச் இருக்கு, ஒண்ணையொண்ணு ஹைட்ரஜன் பாண்டால புடிச்சுக்கும். ஈதர்ல எல்லா ஹைட்ரஜனும் கார்பன் மேல, கொடுக்க ஆள் இல்ல. கிட்டத்தட்ட அதே எடை உள்ள பென்டேன் 36ல கொதிக்குது, அப்போ அந்த 1.15 டிபை பாயிலிங் பாயிண்ட்ல எங்க போச்சுன்னே தெரியல பாருங்க! செபரேட்டிங் ஃபனல்ல ஈதர் ஊத்தி குலுக்கினவங்களுக்குத் தெரியும், கைச்சூட்டுக்கே உள்ள பிரஷர் ஏறி, குழாயைத் திறந்ததும் புஸ்ஸுனு ஒரு சத்தம் வரும். திறக்க மறந்தா மூடி பறந்துடும்.

கே: அப்போ தண்ணியில கரையவே கூடாதே?

ப: கரையும், 100 மில்லிக்கு சுமார் 7 கிராம், பியூட்டனாலும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஹைட்ரஜனைத் தண்ணி கொடுக்கும், ஈதர் வாங்கிக்கும், கொடுக்கத் தெரியாட்டியும் வாங்கத் தெரியும். டி.ஹெச்.எஃப்ல (டெட்ராஹைட்ரோஃபியூரான், இதுவும் ஒரு ஈதர்தான்) கார்பன் வால் ரெண்டையும் பின்னாடி சேர்த்து வளையமா கட்டியாச்சு, ஆக்சிஜன் நல்லா வெளிய தெரியுது, அதான் தண்ணியோட எந்த அளவுலயும் கலந்துடுது.

கே: டையாக்சேன்னு இன்னொரு வளைய ஈதர், அதுக்கு டைபோல் கிட்டத்தட்ட ஜீரோன்னு போட்டிருக்கு, அதுவும் தண்ணியில கலக்குதே?

ப: நல்ல கேள்வி. 1,4-டையாக்சேன்ல ரெண்டு ஆக்சிஜனும் எதிரெதிரா இருக்கு, மொத்தமா கூட்டினா கேன்சல். ஆனா தண்ணி வந்து தொடுறது மொத்தத்தையா, ஒரு ஆக்சிஜனைத்தானே, அதுல லோன் பேர் அப்படியேதான் இருக்கு.

கே: கிரிக்னார்டு ரியேஜென்டுக்கு (கார்பனோட மெக்னீசியம் சேர்ந்தது) ஏன் ஈதர்ல கரைக்கணும்?

ப: அதே லோன் பேர்தான், மெக்னீசியத்துக்குக் கொடுத்துத் தாங்கிப் புடிக்கும், ரியேஜென்டைக் கொல்ல ஓ-ஹெச்சும் கிடையாது. ஈதர்ல தண்ணி இருக்கக்கூடாது, அது தனித் தலைவலி.