அமெரிக்க நண்பர் குடும்பம் வான்கோழி வேட்டைக்குக் கூப்பிடுகிறது. நம்ம ஆட்கள் இதற்கெல்லாம் போவார்களா?

போவோம். நான் போகிறேன், என் மகளையும் கூட்டிப் போகிறேன். "நம்ம ஆட்கள்" என்று நீங்கள் கேட்டது கொஞ்சம் தைத்தது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு முக்கியமான விஷயம். நீங்கள் எச்1பி விசாவில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிப்பட்ட தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். முறையாக வாங்கிய வேட்டை உரிமம் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. ஆகவே உரிமம் இல்லாத நிலையில், நண்பர் எவ்வளவு பிரியமாக நீட்டினாலும் வாங்கிப் பார்க்காதீர்கள். உரிமம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வருடம் சும்மா கூட உட்கார்ந்து பார்த்தாலே போதும்.

நான் இருப்பது மிசௌரியில், செயின்ட் லூயிஸ் பக்கம். இங்கே வசந்தகால வான்கோழி சீசன் ஏப்ரல் மூன்றாவது வாரம் வாக்கில் தொடங்கி மூன்று வாரம் நடக்கும். அதற்கு முன்னால் ஒரு வாரயிறுதி, 6 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்கு மட்டும். பெரியவர்கள் பக்கத்தில் இருக்கலாம், சுடக் கூடாது. நாங்கள் போனது அந்த வாரயிறுதிக்குத்தான். என்னோடு வேலை பார்க்கும் நண்பரின் அப்பாவுக்கு கேஸ்கனேட் கவுண்டியில் நிலம் இருக்கிறது. நண்பர், அவர் மகன், என் மகள், நான், ஊரிலிருந்து வந்திருந்த என் அப்பா, எல்லோரும் கிளம்பினோம்.

அப்பா சிவகங்கைப் பக்கத்து விவசாயி. சின்ன வயதில் முயலும் கௌதாரியும் பிடித்தவர். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு ஊரில் அதெல்லாம் போய்விட்டது. இருட்டில் மரத்தடியில் அசையாமல் உட்காருவது அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதாக இல்லை.

வான்கோழி இரவில் மரக்கிளையில் அடையும், விடியும்போது இறங்கும். வெளிச்சம் வருவதற்கு முன்னால் நண்பர் ஆந்தை மாதிரி ஒரு குரல் கொடுத்தார். மேட்டில் இருந்த ஓக் மரங்களிலிருந்து கொடகொடவென்று ஒரு சேவல் கத்தியது. அப்பா என் காதருகில் வந்து, "ஆந்தைக்குப் பதில் சொல்லுதுடா" என்றார். நண்பர் ஒரு சின்ன மரப்பெட்டியின் மூடியை உரசிப் பெட்டைக் குரல் எழுப்பினார். சேவல் ஒவ்வொன்றுக்கும் பதில் கொடுத்தது. ஆனால் கீழே இறங்கியதும் நிஜப் பெட்டைகள் பின்னாலேயே வேறு பக்கம் போய்விட்டது. இது ரொம்ப சகஜம். அப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை. ரெட்பட் மரங்கள் பூத்திருந்ததையும், அப்பா ஒரு எறும்பு வரிசையைக் காட்ட மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்ததையும்தான் சொல்ல முடியும்.

வெயில் ஏறிய பிறகு, சத்தமே இல்லாமல் இன்னொரு சேவல் வந்தது. தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக இருந்தது. அதனால்தான் அந்த மூன்று நிறத்திலும் துணி போடக் கூடாது என்கிறார்கள், இன்னொரு வேட்டைக்காரர் உங்களைப் பறவை என்று நினைத்துவிடலாம். துப்பாக்கி வைத்திருந்த நண்பர் மகனின் கை நடுங்கியது. "இன்னும் வரட்டும்" என்று அவன் அப்பா முணுமுணுத்தார். முப்பது கஜத்துக்குள் வந்து, ஏமாற்றுவதற்காக வைத்திருந்த பொம்மைக் கோழியைப் பார்த்துக் கழுத்தை நீட்டியபோது சுட்டான். உடனே விழுந்தது.

மகள் கிட்டே போய் உட்கார்ந்து, மார்பிலிருந்து தொங்கும் தாடியை விரலால் தடவிப் பார்த்தாள். பனைநார் மாதிரி விறைப்பாக இருக்கும், ஆனால் அதுவும் இறகுதான். இறகு ஒவ்வொன்றும் திருப்பத் திருப்பச் செம்பாகவும் பச்சையாகவும் மின்னியது. பையன் ஒன்றும் பேசவில்லை. நிலத்துக்காரரான அவன் தாத்தா அவன் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

இங்கே பலர் நெஞ்சுக்கறியை மட்டும் அறுத்து எடுத்துக்கொள்வார்கள், கால் முரடு என்று. அப்பா விடவில்லை. முழுசாக இறகு பிடுங்கி, மஞ்சள் தடவி, தீயில் வாட்டினார். நண்பர் குடும்பமே சுற்றி நின்று பார்த்தது. கால்கறி குக்கரில் நிறைய விசில் விட்டு, மிளகு தூக்கலாகக் குழம்பானது. நண்பரின் அம்மா இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்பாவுக்கு ஆங்கிலம் வராது, அவர்களுக்குத் தமிழ் வராது. ஆனாலும் அன்று அந்த வீட்டில் பெரிய மனுஷர் அவர்தான்.

"பாவம் இல்லையா" என்று கேட்பவர்களுக்கு: சைவம் சாப்பிடுபவர்கள் கேட்டால் தலைவணங்கிக் கேட்டுக்கொள்கிறேன். கடையில் தோலுரித்த கோழி வாங்குபவர்கள் கேட்டால் ஏற்க மாட்டேன். இதே மிசௌரியில் 1950களின் தொடக்கத்தில் காட்டு வான்கோழி 2,500க்கும் குறைவாக இருந்தது. பிடித்து வேறு காடுகளில் விட்டுப் பெருக்கி, 1960இல்தான் மறுபடி வேட்டைக்கு அனுமதித்தார்கள், அதுவும் 14 கவுண்டிகளில் மட்டும். விஸ்கான்சினில் அடியோடு அழிந்திருந்த இனம், 1976இல் இங்கிருந்து கொண்டுபோன பறவைகளால் மறுபடி பெருகியது. துப்பாக்கி, தோட்டா மீதான தனி வரி, 1937இல் வந்த சட்டப்படி வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. வசந்தத்தில் சேவலையோ தாடி தெரியும் பறவையையோதான் சுடலாம், தாடியில்லாத பெட்டையைத் தொட முடியாது. நான் துப்பாக்கிக் கலாச்சாரத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை, என் வீட்டில் துப்பாக்கி கிடையாது.

இதைச் சொல்லியே ஆக வேண்டும். அன்று எடுத்த போட்டோவை எங்கள் தமிழ்ப் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் போட்டபோது, "பிள்ளைக்கு இதையா கற்றுக்கொடுப்பது" என்று பாடம் எடுத்தார்கள். நான் அங்கே ஞாயிறுதோறும் சம்பளமில்லாமல் வகுப்பெடுக்கிறேன். பிள்ளையை இறக்கிவிட்டு வீட்டில் ஒரு வார்த்தை தமிழ் பேசாமல், ஆண்டு விழா மேடைக்கு மட்டும் பட்டுப்பாவாடை கட்டி அனுப்பும் பெற்றோர் எத்தனை பேர்! வீட்டுப்பாடம் கேட்டால் கிரிக்கெட் பயிற்சி என்கிறார்கள். என் மகள் அன்று விடியலிலிருந்து மதியம் வரை தாத்தாவோடு தமிழில் மட்டும் பேசினாள். உண்ணி, தாடி, ஈரல், பெட்டை என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் அவள் படிக்காத சொற்கள். சரி, இது உங்கள் கேள்வி இல்லை, ஆனால் மனசு ஆறவில்லை.

போவதென்றால், சீசனுக்கு முன்பே பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிடுங்கள். மிசௌரியில் 1967 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குக் கட்டாயம், உங்கள் மாநில விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தோளைவிட அகலமான மரத்தில் முதுகு சாய்த்து உட்காருங்கள். சத்தம் வரும் திசைக்கு நடந்து போகவே கூடாது. பேண்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், திரும்பியதும் உண்ணி இருக்கிறதா என்று உடம்பு முழுக்கப் பாருங்கள். இங்குள்ள ஒருவகை உண்ணி கடித்தால் ஆட்டுக்கறி, மாட்டுக்கறியே ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மஞ்சள்தூளும் மிளகும் கையோடு எடுத்துப் போங்கள், கால்கறியை யாராவது வீசப் பார்த்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.