தரையில் தண்டவாளம் போட்டு, ரயில் மாதிரி ஓடவிட்டே பயணிகளை விண்வெளிக்கு அனுப்ப முடியாதா?

என்னிடம் டியூஷன் படிக்கும் ஒரு பையனும் இதையேதான் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை, அவனையே கணக்குப் போடச் சொன்னேன்.

பூமியைச் சுற்றிவர வினாடிக்குச் சுமார் 7.8 கிலோமீட்டர் வேகம் வேண்டும். உள்ளே ஆட்கள் இருப்பதால் முடுக்கத்தைப் புவியீர்ப்பின் 3 மடங்கோடு நிறுத்திக்கொள்வோம். 2011 வரை பறந்த அமெரிக்காவின் ஸ்பேஸ் ஷட்டில் விண்கலம் ஏறும்போதும் அதுதான் வரம்பாக இருந்தது. தண்டவாளத்தின் நீளம் என்ன வந்தது தெரியுமா? ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்! அதுவும் காற்றை வெளியேற்றிய குழாய்க்குள். பயணம் என்னவோ நாலரை நிமிடம்தான். வெறும் சரக்கு என்றால் 30 மடங்கு கொடுக்கலாம், நூறு கிலோமீட்டர் சொச்சத்தில் வேலை முடிந்துவிடும். நம் உடம்புக்காகத்தான் மீதி அத்தனை தூரமும்.

அதைவிடப் பெரிய தலைவலி குழாயின் வாய். கடல்மட்டக் காற்றுக்குள் அந்த வேகத்தில் பாய்ந்தால் வண்டியின் மூக்கில் விழும் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தைப் போல 300 மடங்குக்கும் மேல். சுவரில் மோதுகிற கதைதான். இதற்காகவே ஜேம்ஸ் பவலும் ஜார்ஜ் மேய்ஸும், காந்தத் தண்டவாளத்திலேயே விண்கலத்தை ஏவும் தங்கள் ஸ்டார்ட்ராம் திட்டத்தில், பயணிகள் குழாயின் முனையை 22 கிலோமீட்டர் உயரத்தில் காந்த விசையால் மிதக்கவிடலாம் என்றார்கள். எவரெஸ்ட்டே 9 கிலோமீட்டரைத் தொடவில்லை! பவல் வெறும் கனவுக்காரர் இல்லை, மீகடத்திக் காந்த (மின்தடையே இல்லாத கம்பிச் சுருள்களால் ஆன காந்தம்) ரயிலைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர். ஆனாலும் இந்த மிதக்கும் குழாயை என்னால் நம்ப முடியவில்லை. அப்புறம், இவ்வளவும் செய்த பிறகும் கையில் ஒரு சின்ன ராக்கெட் இருந்தாக வேண்டும். மேலே போய்ப் பாதையைத் திருத்தாவிட்டால், ஒரு சுற்றில் பழையபடி காற்றுக்குள்ளேயே வந்து விழும்.

தண்டவாளத்தை முதல் தள்ளலுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் கதை வேறு. 1990-களில் நாசா யோசித்தது இதைத்தான்: காந்தத் தண்டவாளத்தில் மணிக்குச் சுமார் 960 கிலோமீட்டர் வரை தள்ளிவிடுவது, மீதியை ராக்கெட் பார்த்துக்கொள்ளும். அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில்லில் சின்னத் தடம் போட்டு மாதிரி வண்டியும் ஓட்டிப் பார்த்தார்கள்.

"சார், வேண்டிய வேகத்தில் இது 4 சதவீதம்கூட வரலையே" என்றான் பையன். மூன்றரைக்குக் கொஞ்சம் கம்மி. ஆனால் எரிபொருள் முழுவதையும் சுமந்துகொண்டு ராக்கெட் திணறுகிற நேரத்தில் கிடைக்கும் தள்ளல் இது. நான் போட்ட கணக்கில் புறப்படும் எடை 6 முதல் 9 சதவீதம் வரை குறைகிறது. இதற்கு வேண்டிய நீளத்தையும் அவன் உடனே போட்டுவிட்டான். அதே 3 மடங்கு முடுக்கத்தில் 1.2 கிலோமீட்டர். வண்டியை நிறுத்த இன்னும் கொஞ்சம் சேர்த்தாலும் ஒரு பெரிய விமான ஓடுபாதையின் நீளத்துக்குள் அடங்கிவிடும்.