குன்னூர் காற்றுக்கு எந்த பேடில்?

கேள்வி: எனக்கு வயது 46. இருபது வருடம் ஷட்டில் ஆடியவன். முழங்கால் மக்கர் செய்ததால் ஆறு மாதமாக பிக்கிள்பால், அதாவது தட்டையான மட்டையால் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தை நெட்டுக்கு மேல் அடிக்கும் ஆட்டம். எங்கள் ஷட்டில் கோர்ட்டிலேயே நெட்டை இறக்கிக் கட்டி ஆடுகிறோம். இரவல் பேடிலில் (மட்டையில்) ஆடியது போதும், சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று பார்த்தால், கோவையில் கடைக்காரர், "நீங்க ஷட்டில் பிளேயர், பவர் பேடிலா எடுங்க சார்" என்கிறார். 5,000 ரூபாய் வரை போகலாம். எடுக்கட்டுமா? (குன்னூர் வாசகர்)

பதில்: எடுக்காதீர்கள். கோவையில் நின்று பார்த்தால் அவர் சொல்வது சரியாகத் தோன்றும். நீங்கள் ஆடுவது 1,850 மீட்டர் உயரத்தில். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. ஓட்டை போட்ட அந்த பிளாஸ்டிக் பந்தை இழுத்துப் பிடிப்பதே காற்றுதான். அது மெலிந்தால், கீழே கோவையில் கோட்டுக்குள் விழும் அடி மேலே குன்னூரில் கோட்டைத் தாண்டும். நானும் முதலில் 'பவர்' என்ற சொல்லில் மயங்கி, 13 மி.மீ. பைபர்கிளாஸ் பேடில் ஒன்றைத்தான் வாங்கினேன். ஒரே வாரத்தில் நான்கு பந்துகள் வேலியைத் தாண்டித் தேயிலைச் செடிக்குள் போயின. மஞ்சளும் பச்சையும் கலந்த பந்தைத் தேயிலைத் தளிருக்குள் தேடிப் பார்த்தால் தெரியும் அந்த வேதனை.

ஷட்டில்காரர்களுக்கு மணிக்கட்டு வேகம் ஏற்கெனவே கூடுதல். உங்களுக்குத் தேவை அடக்கம். அதனால் முதலில் தடிமனைப் பாருங்கள். உள்ளே தேன்கூடு மாதிரி பாலிபுரொப்பிலின் பிளாஸ்டிக் அடைத்த பேடிலில், 16 மி.மீ. தடிமன் பந்தின் வேகத்தை உள்வாங்கி மெதுவாகத் திருப்பும். நடுவில் படாத அடியும் ஓரளவு நேராகப் போகும். நெட்டுக்கு முன்னால் உள்ள ஏழடி இடத்துக்குள், அதுதான் 'கிச்சன்', பந்தை மெத்தென்று இறக்குவதில்தான் இந்த ஆட்டமே இருக்கிறது.

மேற்பரப்பு கார்பனாக இருந்தால் நல்லது; பைபர்கிளாஸில் பந்து கொஞ்சம் துள்ளும். ஆனால் 'கார்பன்' என்று போட்டிருப்பதெல்லாம் கார்பன் ஆகிவிடாது. மலிவு பேடில்களில் கட்டம் போட்ட கார்பன் டிசைனை வெறுமனே அச்சடித்திருப்பார்கள். விரல் நுனியால் தடவிப் பாருங்கள்: பூச்சில்லாத கார்பன் நைஸான உப்புத்தாள் போல லேசாகச் சொரசொரக்கும். அந்தச் சொரசொரப்புதான் பந்தைச் சுழற்றும். ஆட ஆட அது தேயும் என்பதையும் மனதில் வையுங்கள்.

எடை 220 முதல் 230 கிராம். மிக லேசானதை எடுத்தால் அதிர்ச்சி முழங்கைக்கு ஏறும். 240-ஐத் தாண்டினால் மூன்றாவது கேமில் தோள் பேசும். வடிவத்தில், 16 அங்குல நீளமும் 8 அங்குல அகலமும் கொண்ட சாதாரண பேடிலே போதும். நீளமான ஒல்லி பேடில் கைதேர்ந்தவர்களுக்கு. நீளமும் அகலமும் சேர்ந்து 24 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி, ஆகவே ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். நீளத்துக்காக விட்டுக்கொடுப்பது அகலத்தை.

கைப்பிடியைக் கடையிலேயே பிடித்துப் பாருங்கள். விரல் நுனிகளுக்கும் உள்ளங்கைச் சதைக்கும் நடுவே மறு கையின் ஆள்காட்டி விரல் நுழைய வேண்டும். சந்தேகம் என்றால் சின்னதையே எடுங்கள். ஓவர்கிரிப் பட்டையைச் சுற்றிப் பெரிதாக்கலாம், பெரியதைச் சின்னதாக்க வழியில்லை. மஞ்சு இறங்கும் மாலையில் கைப்பிடி நமுத்துப்போய் வழுக்கும், அதனால் ஓவர்கிரிப்பை நான்கைந்தாக வாங்கி வைப்பது வீண் செலவல்ல.

5,000 ரூபாயையும் பேடிலிலேயே கொட்டிவிடாதீர்கள். ஐந்நூறு ரூபாயைப் பந்துக்கு ஒதுக்குங்கள். மார்கழிக் குளிரில் பந்து கெட்டிப்பட்டு சீக்கிரம் விரிசல் விடும். திறந்தவெளியில் ஆடினால் 40 ஓட்டைப் பந்து, ஹாலுக்குள் என்றால் 26 ஓட்டை.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய பேடில் மூன்றே வாரத்தில் ஒரு பக்கம் 'டப் டப்' என்று செத்த சத்தம் போடுகிறது. விற்றவர், "நீங்கள் தரையில் அடித்திருப்பீர்கள்" என்று கையை விரிக்கிறார். 3,400 ரூபாய் போனதுதானா? (கொடைக்கானல் வாசகி)

பதில்: போகவில்லை. முதலில் பலாப்பழத்தைத் தட்டுவதுபோல விரல் மொளியால் பேடில் முழுக்கத் தட்டி வாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மங்கினால் உள்ளே தேன்கூடு நசுங்கியிருக்கலாம், அல்லது மேல்தாள் ஒட்டு விட்டிருக்கலாம். குலுக்கினால் மட்டும் உள்ளே கலகலக்கிறது என்றால், பெரும்பாலும் காய்ந்த பசைத்துணுக்காக இருக்கும். அதற்காகச் சண்டைக்குப் போக வேண்டாம். தட்டுவதைச் சத்தத்தோடு வீடியோ எடுங்கள். விளிம்பில் அடிபட்ட தடம் இல்லை என்பதும் அதில் தெரியட்டும்.

அப்புறம், அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறை. உங்களுக்கு மூன்று வாரம்தான் ஆகியிருக்கிறது, இன்றே எழுதுங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன். அதற்கும் மேலே போனால் விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: கோவையில் ஒரு போட்டிக்கு இறங்குகிறோம். பேடிலை மாற்ற வேண்டுமா? (கோத்தகிரி வாசகர்)

பதில்: வேண்டாம், கை பழகியதே போதும். பந்து கொஞ்சம் முன்னாலேயே விழும், அரை மணி நேரம் முன்பே போய்ப் பழகிக்கொள்ளுங்கள். பேடிலில் அமெரிக்க அமைப்பான யுஎஸ்ஏ பிக்கிள்பாலின் அங்கீகார முத்திரை கேட்பார்களா என்று நடத்துபவர்களிடம் விசாரித்துவிடுங்கள். முக்கியமாக, மேட்டுப்பாளையத்தில் சாப்பிட இறங்கும்போது பேடிலைக் கார் டிக்கியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்த வெயிலில் பசை இளகும். இலைக்குப் பக்கத்தில் வைத்தாலும் பரவாயில்லை.