கேளுங்கள், சொல்கிறேன்: இடுப்பில் பிஸ்டல், பரணில் ரைபிள்

ஃபீனிக்ஸ் வாசகர் ஒருவர்: மளிகைக் கடை வைத்திருக்கிறேன் அண்ணே. ராத்திரி கல்லாப் பணத்தோடு கடையைப் பூட்டிவிட்டு வரும்போது பயமாக இருக்கிறது. தற்காப்புக்கு நம் தென்னாப்பிரிக்கத் துப்பாக்கிச் சட்டத்தின் பிரிவு 13-இல் லைசென்ஸ் போடப்போகிறேன். சட்டைக்குள் தெரியாமல் வைத்துக்கொள்ள எந்தப் பிஸ்டல் நல்லது? இருப்பதிலேயே சின்னதாக எடுத்துவிடட்டுமா?

சின்னது என்றால் எது சின்னதாக இருக்க வேண்டும் என்பதை முதலில் பாருங்கள் தம்பி. குழல் கொஞ்சம் நீளமாக இருந்தாலும் பேண்டுக்குள் இறங்கிவிடும், சட்டையைத் துருத்திக்கொண்டு காட்டிக்கொடுப்பது கைப்பிடிதான். நம் டர்பன் நகரப் புழுக்கத்தில் நாம் போடுவதோ மெல்லிய சட்டை. அதற்காகக் கைப்பிடியை ரொம்பக் குட்டையாக எடுத்தால் சுண்டுவிரல் அந்தரத்தில் நிற்கும், கனமும் குறைவு என்பதால் ஒவ்வொரு வெடிக்கும் கையில் உதைக்கும். நான் முதன்முதலில் வாங்கியது அப்படி ஒரு குட்டிதான், கடையில் கையில் எடுத்தபோது ஆசையாக இருந்தது, ரேஞ்சில் ஐம்பது தோட்டா போட்டதும் கை வலி, அப்புறம் பயிற்சிக்கே போகாமல் தட்டிக்கழிக்க ஆரம்பித்தேன். பயிற்சிக்குப் போகாதவர் இடுப்பில் துப்பாக்கி இருப்பது அவருக்கும் ஆபத்து, பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து.

பிரிவு 13-இல் ஒன்றுதான் கிடைக்கும் என்பதால், வெளியே போக ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று யோசிக்க இடமில்லை. அதனால் நடுவில் இருப்பதைப் பாருங்கள். கிளாக் 43 பிஸ்டலின் மேகசினில், அதாவது தோட்டா அடுக்கும் பெட்டியில், 6 தோட்டா, மறைக்கச் சுலபம். கிளாக் 19-இல் 15, ஆனால் தடிமன் கூட. 43எக்ஸ் என்பது அந்த 43-இன் ஸ்லைடு (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) நீளத்தையே வைத்துக்கொண்டு கைப்பிடியை மட்டும் நீட்டியது, 10 தோட்டா, மூன்று விரலும் உட்காரும். 2018-இல் வந்த சிக் பி365 அதைவிடக் குட்டை, தோட்டாக்களை நெருக்கி அடுக்கிய விதத்தால் அந்தச் சின்ன உடம்பிலேயே 10 பிடிக்கும். உங்கள் கை எப்படி என்று எனக்குத் தெரியாது, ஆனால் 43எக்ஸை எடுத்துப் பார்க்காமல் வேறு எதற்கும் பணம் கட்டாதீர்கள்.

இதையெல்லாம்விட நான் முதலில் கேட்பது ஒன்றுதான், கை தவறிக் கீழே விழுந்தால் வெடிக்குமா? நம் நாட்டிலேயே செய்த வெக்டர் சிபி1, மறைத்து வைப்பதற்கென்றே முனை மழுங்க வழவழவென்று வடிவமைத்த அழகான பிஸ்டல். தோட்டா ஏறிய நிலையில் விழுந்தாலோ இடித்துக்கொண்டாலோ வெடிக்கக்கூடும் என்று 2000-இல் தயாரித்தவர்களே திரும்பக் கேட்டார்கள். இன்றைக்கு யாராவது மலிவு விலைக்கு அதை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய சிஇசட் 75 பிஸ்டல் பார்த்தீர்கள் என்றால் பெயருக்குப் பின்னால் 'பி' இருக்கிறதா என்று கவனியுங்கள், விசையை அழுத்தாதவரை, தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசியைத் தடுத்து நிறுத்தும் அமைப்பு உள்ளது என்று அதற்கு அர்த்தம். நல்ல துப்பாக்கிதான், ஆனால் முழு இரும்பு, ஒரு கிலோ கனம்.

உறையில் கஞ்சத்தனம் வேண்டாம். விசையை முழுக்க மூடுகிற கெட்டியான உறை வேண்டும், தொளதொள துணி உறை கூடாது. வயது 21 ஆகியிருக்க வேண்டும், துப்பாக்கி கையாளும் தகுதிச் சான்றிதழ் வேண்டும், வீட்டில் தரச்சான்று பெற்ற இரும்புப் பெட்டி வேண்டும். லைசென்ஸ் 5 வருஷம். முடிவதற்கு 90 நாள் முன்னாலேயே புதுப்பிக்கக் கொடுத்துவிட வேண்டும், இந்த 90 நாளைக் கோட்டைவிட்டுவிட்டு அலைகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சாட்ஸ்வொர்த் வாசகி ஒருவர்: பிஸ்டலைக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாமா?

உடம்போடு சேர்ந்த உறையிலோ பையிலோ வைக்கலாம், முழுக்க மறைந்திருக்க வேண்டும், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் திருடன் முதலில் பிடுங்குவதே கைப்பைதானே அம்மா! வேண்டாம். காவடிக் கூட்டத்துக்குப் போகும் நாளில் அதைப் பெட்டியிலேயே பூட்டிவிட்டுப் போங்கள், அந்த நெரிசலில் யார் கை எங்கே படும் என்று சொல்ல முடியாது.

டொங்காட் வாசகி ஒருவர்: போன வருஷம் தவறிப்போன என் மாமனார் ஒரு வின்செஸ்டர் 94 லீவர் ரைபிள் (கீழே உள்ள பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றுவது) வைத்திருந்தார். நூறு வருஷப் பழசு என்பார். துருவைத் தேய்த்துப் புதுசு போலாக்கி விற்கலாமா? இவ்வளவு பழசுக்கும் லைசென்ஸ் வேண்டுமா?

அந்த லீவரை நீங்கள் தொட வேண்டாம் அம்மா. குழலுக்குக் கீழே இன்னொரு குழாய் இருக்கிறதே, தோட்டாக்கள் அதற்குள்தான் வரிசையாகப் படுத்திருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. பழைய 94-இல் தனிச் சேஃப்டி பொத்தானும் கிடையாது, சுத்தியலைப் பாதித் தூரத்தில் நிறுத்துவது மட்டும்தான். அனுபவமுள்ள லைசென்ஸ் வியாபாரியை வீட்டுக்கே கூப்பிட்டுக் காலி செய்யச் சொல்லுங்கள்.

லைசென்ஸ் கட்டாயம் வேண்டும். அமெரிக்கர்கள் 1899-க்கு முன்னால் செய்த துப்பாக்கிகளைப் பழம்பொருள் என்று விட்டுவிடுவார்கள், அதைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். நம் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி 1900-க்கு முன்னால் செய்த, வாய்ப்பக்கமாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கியும் அதன் நகலும் மட்டும்தான் பழம்பொருள். உங்கள் 94 அதில் சேராது. சொத்தை நிர்வகிப்பவர் பெயரில் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்து, வாரிசு வேட்டைக்கோ சேகரிப்புக்கோ லைசென்ஸ் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் முறைப்படி விற்க வேண்டும். சேகரிப்பு என்றால் அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளர் சங்கத்தில் உறுப்பினராகவும் இருக்க வேண்டும்.

தேய்க்கவே தேய்க்காதீர்கள்! ஜான் பிரவுனிங் வடிவமைத்த துப்பாக்கி அது. நீலப்பூச்சு மங்கிப் பழுப்பாகியிருப்பதே அதன் வயதுக்குச் சாட்சி, உப்புத்தாள் போட்டால் விலை பாதிக்குமேல் இறங்கினாலும் ஆச்சரியமில்லை. குழலில் '30 டபிள்யூ.சி.எஃப்.' என்று தோட்டா வகையின் பெயர் பொறித்திருக்கிறதா, பக்கவாட்டில் குதிரைச் சேணத்தில் மாட்டும் வளையம் இருக்கிறதா, திருகாணித் தலைகள் சிதையாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். 1964-இல் செலவைக் குறைக்க உள்பாகங்களின் தயாரிப்பு முறையை மாற்றினார்கள், அதற்கு முந்தையதைத்தான் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். தோல் உறையில் போட்டு வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள், நம் கடற்கரை ஈரத்தைத் தோல் குடித்து வைத்துக்கொண்டு இரும்பை அரிக்கும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர் ஒருவர்: வேட்டைக்கு மார்லின் 336 நல்லதா, வின்செஸ்டர் 94 நல்லதா?

தொலைநோக்கி மாட்டுவதாக இருந்தால் மார்லின். 1948-இல் வந்த அந்த ரைபிள் காலித் தோட்டாவைப் பக்கவாட்டில் துப்பும், பழைய 94 மேலே துப்பும், தொலைநோக்கி அங்கேதான் இடிக்கும். எதை வாங்கினாலும் குழாயில் கூர்முனைத் தோட்டா போடாதீர்கள் தம்பி. ஒன்றின் முனை முன்னால் இருக்கும் தோட்டாவின் பின்புற வெடிப்பொட்டில் நேராக அழுத்திக்கொண்டிருக்கும், ஒரு உதைப்பில் உள்ளேயே வெடிக்கலாம். தட்டை முனை, இல்லையென்றால் அதற்கென்றே வரும் மெத்து முனை.