வீட்டு ரிப்பேர் வேலையை அரைகுறையாக முடித்துவிட்டுக் காசு கேட்கும் கான்ட்ராக்டரை எப்படிச் சமாளிப்பது?

மீதிப் பணம் உங்கள் கையில் இருக்கும்வரைதான் அவர் உங்கள் போனை எடுப்பார். முதலில் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் எங்கள் பழைய ஃப்ளாட்டின் பாத்ரூமை இடித்துப் புதிதாக டைல்ஸ் போட்டோம். பார்க்க அமர்க்களமாக இருந்தது. குளித்தால் தண்ணீர் மட்டும் ட்ராப் (தண்ணீர் வெளியேறும் துளை) பக்கம் போகாமல் கதவோரம் வந்து தேங்கியது. வாட்டமே மாறிப்போயிருந்தது. கான்ட்ராக்டரிடம் காட்டினால், "புழங்கப் புழங்கச் சரியாயிடும் சார்" என்கிறார். சிமெண்ட் தரை எப்படிங்க சாயும் என்று கேட்டதற்கு, வைப்பர் வாங்கித் தள்ளிவிடச் சொன்னார். கடைசித் தவணை எங்களிடம் இருந்ததால்தான் திரும்பி வந்து தரையைப் பெயர்த்துப் போட்டுக்கொடுத்தார்.

டைல்ஸ் போட்டவரிடம் சண்டைபோட்டுப் பயனில்லை. பல இடங்களில் அவருக்குச் சதுர அடிக் கணக்கில்தான் கூலி. ரசமட்டம் வைத்து நிதானமாகப் பார்த்துப் போட்டால் அவருக்குத்தான் நஷ்டம். ரேட் பேசிய கான்ட்ராக்டரோ ஒரே நேரத்தில் நாலு சைட் பார்ப்பார். பேச வேண்டியது அவரிடம்.

வேலை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்காதீர்கள். கோளாறெல்லாம் மூடிப்போகும் இடத்தில்தான் இருக்கும். சுவருக்குள் போகும் பைப்பை, பூசி மூடுவதற்கு முன்பே பிரஷர் டெஸ்ட் (அழுத்தம் கொடுத்துக் கசிகிறதா என்று பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள். அளவு டேப் வைத்துப் பைப் போகும் இடத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டால் பின்னால் ஆணி அடிக்கவும் உதவும். வாட்டர் ப்ரூஃபிங் காய்ந்ததும் ட்ராப்பை அடைத்து, குறைந்தது 24 மணி நேரம் தண்ணீர் கட்டி, கீழ்வீட்டுக் கூரையைப் போய்ப் பாருங்கள். (கீழ்வீட்டுக்காரரோடு சுமுகமாக இருப்பதும் இதற்குத்தான்!) டைல்ஸ் செட்டானபின் ஒரு நாணயத்தால் தட்டினால், அடியில் கலவை பிடிக்காத இடம் தனிச் சத்தம் கொடுக்கும்.

"சனிக்கிழமை ஆளுங்களுக்குக் கூலி போடணும்" என்று போன் வரும். இரக்கப்படலாம், ஆனால் கிழமையைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். முடிந்த வேலையைப் பார்த்துக் கொடுங்கள். என்ன பிராண்ட், எத்தனை கோட், ரப்பீஸை (இடித்த குப்பையை) யார் அள்ளுவது, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி அவரிடம் "ஓகே" வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சை விட எவ்வளவோ மேல்.

இத்தனைக்கும் மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் சேவைதான் என்று 1993-லேயே லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். இழுக்கும்தான். அதனால் சின்னத் தொகைக்கு நான் அங்கே போகமாட்டேன், முறையாக ஒரு நோட்டீஸ் அனுப்பிப் பார்ப்பேன்.

போவதென்று முடிவானால், வேறு ஆளை வைத்துச் சரிசெய்யும் முன் இருக்கிற நிலையை வீடியோ எடுத்து, இன்னொரு இன்ஜினியரிடம் குறைகளையும் செலவையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். இடித்துவிட்டால் காட்ட எதுவும் மிஞ்சாது.