ஜி மதிப்பு 9.03 என்று வருகிறதா? குண்டின் மேல் பழி போடாதீர்கள்

கேள்வி இது: ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தை (9.8 மீ/வி² வர வேண்டும்) அளக்க, இரும்புக் குண்டைக் கீழே விட்டு, விநாடிக்கு 30 பிரேம் வீடியோவில் 16 பிரேம்களில் அதன் இடத்தைக் குறித்து, 'தூரம் = ½ × ஜி × நேரம்²' என்று மீச்சிறு வர்க்க முறையில் (பிழைகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக இருக்கும்படி) பொருத்தினால் 9.03 வருகிறது, காற்றுத் தடையா, இல்லை இரண்டு முறை வகையிட்டு (இடத்தின் மாற்ற வீதமான வேகம், பிறகு வேகத்தின் மாற்ற வீதம் என்று கணக்கிட்டு) முடுக்கத்தை நேரடியாக எடுக்கலாமா?

காரணம் காற்று இல்லை. அரை விநாடியில் குண்டு விழுவதே சுமார் 1.2 மீட்டர், அந்த வேகத்தில் இரும்புக் குண்டிடமிருந்து காற்று 8 சதவீதம் பிடுங்காது. சந்தேகம் உங்கள் முதல் பிரேம் மேல்தான். அதை நேரம் பூஜ்யம் என்று வைத்துவிட்டீர்கள், ஆனால் குண்டு கையை விட்டது அதற்கு அரை பிரேம் கழித்து என்றால்? போட்டுப் பார்த்தேன், 9.8 சரியாக 9.03 ஆகிறது. விநாடியில் அறுபதில் ஒரு பங்கு, அவ்வளவுதான்!

சரி, என்ன செய்வது? குண்டு கையில் இருக்கும் பிரேமை விட்டுவிட்டு, மீதி 15 புள்ளிகளுக்கு முழு இருபடியைப் பொருத்துங்கள்: இடம் = அ + ஆ × நேரம் + இ × நேரம்². ஜி என்பது 'இ'யின் இரண்டு மடங்கு. 'ஆ' மைனஸ் 0.16 பக்கம் வந்தால் பயப்பட வேண்டாம், தொலைந்த அந்த அரை பிரேம் அங்கேதான் போய் உட்கார்ந்திருக்கிறது.

இரண்டு முறை வகையிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். புள்ளி குறிப்பதில் 2 மில்லிமீட்டர் பிசகு என்றால், அடுத்தடுத்த மூன்று பிரேம்களில் இருந்து எடுக்கும் முடுக்கத்தில் அது 4.4 மீ/வி² பிழையாக ஊதிவிடும். அதே 15 புள்ளிகளை ஒன்றாகப் பொருத்தினால் பிழை 0.06 அளவுதான். இன்னும் குறைக்க வேண்டுமா, உயரத்தைக் கூட்டுங்கள்: பிழை நேரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இறங்கும், புள்ளிகளின் எண்ணிக்கைக்கோ வர்க்கமூல அளவில்தான்.

அப்புறம் எச்சங்களை, அதாவது அளந்ததற்கும் வளைகோட்டுக்கும் உள்ள வித்தியாசங்களை, நேரத்துக்கு எதிராக வரையுங்கள். இஷ்டத்துக்குச் சிதறியிருந்தால் நல்லது, அலை மாதிரி வளைந்தால் பொருத்திய சமன்பாட்டிலோ லென்ஸிலோ கோளாறு. ஒன்றை மட்டும் எச்சம் காட்டிக்கொடுக்காது: வீடியோவில் தெரியும் தூரத்தை மீட்டராக மாற்ற வைக்கும் ஸ்கேலின் இடம். குண்டு கேமராவில் இருந்து 2 மீட்டரில் விழ, ஸ்கேலை அதற்கு 4 சென்டிமீட்டர் பின்னால் நிறுத்தியிருந்தால், வளைகோடு அச்சாகப் பொருந்தும், ஜி மட்டும் 10.0 என்று வரும்.