பேங்க் செக், செக் சட்டை, செஸ்ஸில் வைக்கும் செக்: எல்லாம் ஒரே சொல்லா?

கேள்வி: 'செக்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்? ஒரே சொல்லா, அல்லது ஒரே மாதிரி ஒலிக்கும் வெவ்வேறு சொற்களா?

ஒரே சொல்தான். வேடிக்கை என்னவென்றால், 'சரிபார்' என்ற பொருளே அதற்கு முதலில் கிடையாது. அரசன் என்றுதான் பொருள்.

நான் வங்கியில் முப்பது வருடம் செக்கில் கையெழுத்து ஒத்துப்பார்த்தே கண் பூத்தவன். அப்போதெல்லாம் இது தோன்றவில்லை. ஓய்வுபெற்ற பிறகு பேரனுக்கு செஸ் சொல்லிக்கொடுக்கும்போது, "தாத்தா, செக்னா நீங்க பேங்க்ல வாங்குவீங்களே, அதுவா?" என்று கேட்டான். சிரித்தேன். அப்புறம் தேடிப் பார்த்தால் அவன் கேட்டது சரியான கேள்வி.

நம் நாட்டுச் சதுரங்கம் பாரசீகத்துக்குப் போனது. (பெயர் பலகையின் சதுரத்தால் வந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை, தேர், யானை, குதிரை, காலாள் என்ற நான்கு அங்கப் படை அது.) எதிரியின் ராஜாவைத் தாக்கும்போது பாரசீகர்கள் 'ஷாஹ்!' என்று குரல் கொடுத்தார்கள். 'அரசே, பார்த்துக்கொள்' என்ற எச்சரிக்கை. அந்தச் சொல் அரபு வழியாக ஐரோப்பா போய், லத்தீனில் கடைசி ஹகரம் ககரமாகி, பழைய பிரெஞ்சில் 'எஷெக்' ஆகி, ஆங்கிலத்தில் 'செக்' ஆனது. ஹகரத்தைக் ககரமாக்குவது நமக்குப் புதிதா என்ன? ஷாஜஹானை ஷாஜகான் ஆக்கியவர்கள்தானே நாம். அதே பிரெஞ்சுச் சொல்லின் பன்மைதான் 'செஸ்'. 'செக்மேட்' என்பது 'ஷாஹ் மாத்'. மாத் என்றால் 'இறந்தான்' என்று அரபு வழியில் பொருள் சொல்வார்கள். பாரசீகத்தில் 'வழியற்று நின்றான்'. ஆட்டத்தில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லையே, அதனால் எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. இந்தியில் இன்றும் 'ஷஹ்', 'மாத்' என்றுதான் சொல்கிறார்கள்.

ராஜாவுக்கு செக் வைத்தால் மற்ற வேலையெல்லாம் நிற்க வேண்டும். அதிலிருந்துதான் தடுப்பது, கட்டுப்படுத்துவது என்ற பொருள் கிளைத்தது. 'எதிர்க்கட்சிக்கு செக் வைத்த ஆளுங்கட்சி' என்று நம் பத்திரிகைகள் தலைப்புப் போடும்போது, ஆங்கிலேயர்களைவிடப் பழைய பொருளுக்கு நெருக்கமாக நிற்கிறார்கள்! தப்பு நடக்காமல் தடுக்க வேண்டுமானால் ஒத்துப்பார்க்க வேண்டும் இல்லையா? 'செக் பண்ணு' அப்படி வந்ததுதான்.

செஸ் பலகையின் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் துணிக்குப் பெயர் கொடுத்தன. செக் சட்டை, மெட்ராஸ் செக்ஸ் எல்லாம் அந்த வழி. ஆனால் எனக்குப் பிடித்த கட்டம் போட்ட துணி இங்கிலாந்தில் இருந்தது. 12-ஆம் நூற்றாண்டில் அரசாங்க வரவு செலவுக் கணக்கை, ஏறக்குறைய பத்தடி நீளம் ஐந்தடி அகல மேசையில், கோடு போட்ட துணியை விரித்துப் பார்த்தார்கள். ரோமன் எண்களை வைத்துக்கொண்டு கூட்டல் கழித்தல் போடுவது பெரும்பாடு. அதனால் ஆயிரம், நூறு, பவுண்டு, ஷில்லிங், பென்னி என்று கட்டங்களில் காய்களை அடுக்கி எண்ணினார்கள். பார்க்க செஸ் மேசை போல இருந்ததால் கஜானாவுக்கே 'எக்ஸ்செக்கர்' என்று பெயர். பிரிட்டிஷ் நிதியமைச்சரின் பதவிப் பெயரில் அது இன்றும் இருக்கிறது. இரண்டாம் ஹென்றியின் பொக்கிஷதாரர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் இதை மாணவன் கேட்க ஆசிரியர் சொல்வதாக எழுதிவைத்திருக்கிறார், அந்தக் காலத்துக் கேள்வி பதில் தளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செஸ்ஸில் இரண்டு ராஜாக்கள் மோதுவது போல இங்கே பொக்கிஷதாரரும் வரி வசூலித்து வந்த ஷெரிஃபும் மோதுகிறார்கள் என்கிறார். ஆடிட்டிங் வந்த நாளில் எங்கள் கிளையைப் பார்த்திருந்தால் இதையேதான் எழுதியிருப்பார்.

இனி என் செக். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பெயர் தாளுக்கு இல்லை, அதன் அடிக்கட்டைக்கு. போலியா என்று ஒத்துப்பார்க்க உதவியதால் அடிக்கட்டைதான் 'செக்'. பிறகு பெயர் கிழித்துக் கொடுக்கும் தாளுக்கு ஏறிக்கொண்டது. பிரிட்டனில் எக்ஸ்செக்கரின் (exchequer) சாயலில் எழுத்தை மாற்றி cheque என்று எழுதினார்கள், நாமும் அப்படியே. அமெரிக்கர்கள் எல்லாவற்றுக்கும் check என்ற ஒரே எழுத்துக்கூட்டல்தான் வைத்திருக்கிறார்கள். அங்கே சாப்பாட்டு பில்லும் செக்தான். மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஓட்டலில் பரிமாறியவர் செக் கொண்டுவரட்டுமா என்றார். செக்புக் ஊரில் இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். மகன் மேசைக்கடியில் காலை மிதித்தான்.

செக் குடியரசுக்கு இந்தக் குடும்பத்தில் இடமில்லை, அது ஒரு ஸ்லாவிய இனத்தின் பெயர். எங்கள் கிளைக்கு வரும் பெரியவர்கள் "செக்கு மாத்தணும் தம்பி" என்பார்களே, அந்தச் செக்கு மேலே சொன்ன அதே ஷாஹ். எண்ணெய் ஆட்டுகிற செக்கு மட்டும் நம்முடையது.